உள்ளூர் பேய் நகைச்சுவைப் படத்தின் சிறப்புக் காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் குறைந்த செலவில் எடுக்கப்படும் தமிழ்ப் படங்களில் பேயும் சிரிப்பும் கலந்தவற்றுக்குத் தனி இடம் உண்டு. அவற்றின் சிறப்புக் காட்சிகளில் விருந்தினரை வரவேற்று இருக்கையில் அமர்த்தும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். அழைப்பு வந்தவர்களும், வராதவர்களும், போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உள்ளூர் படங்கள் பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். பதில்களும் அந்த விருப்பத்தோடுதான் இருக்கும்.

சிறப்புக் காட்சி என்றால் என்ன? வழக்கமான காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மலேசியாவில் புதிய படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை திரைக்கு வருகின்றன. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, படக்குழு ஒன்றிரண்டு அரங்குகளை வாடகைக்கு எடுத்து, தாங்கள் அழைத்தவர்களுக்குப் படத்தைப் போட்டுக்காட்டுவதே சிறப்புக் காட்சி. நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், அவர்களுடைய குடும்பத்தார், பணம் போட்டவர்கள், படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர், வானொலி, பத்திரிகைக்காரர்கள் என்று பாதி அரங்கு நிரம்பிவிடும். மீதிப் பாதியில் உங்களைப் போன்றவர்கள் உட்கார்கிறீர்கள். எனக்கு முக்கியமானவர்கள் அந்த மீதிப் பாதியினர்தான். குடும்பத்தார் எதற்கும் கைதட்டுவார்கள். படத்தில் வேலை செய்தவர்களுக்குப் பேய் எந்தக் கதவிலிருந்து வரும் என்பது தெரியும். உண்மையாகப் பயப்படவும் சிரிக்கவும் முடிந்தவர்கள் நீங்கள் மட்டுமே.

அரங்குக்கு வெளியே ஒரு பதாகையும் சிவப்பு விரிப்பும் இருக்கும். பேய் வேடம் போட்ட ஒருவரும் நிற்பார். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, இடுப்பைத் தாண்டும் சவுரி முடி, உதட்டோரம் வழியும் சிவப்புச் சாயம். சாயம் கலையாதபடி உறிஞ்சுகுழலை வாயின் மறுபக்கத்தில் வைத்து அவர் ஐஸ் மைலோ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகள் முதலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். பத்து நிமிடம் கழித்து அவர்களே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அழைப்பிதழ் இல்லாமல் போகலாமா?

போகலாம், ஆனால் முன்னதாகக் கேட்டுவிட்டுப் போங்கள். பல படக்குழுக்கள் சில இருக்கைகளைக் கட்டணத்துக்கு விற்கின்றன. சமூக ஊடகப் பக்கங்களிலும் தமிழ் வானொலிப் போட்டிகளிலும் டிக்கெட் கிடைப்பதுண்டு. குழுவில் யாரையாவது தெரிந்திருந்தால் நேரடியாகக் கேட்பதில் தவறே இல்லை. அவர்கள் மகிழ்ச்சியடைவார்கள்.

ஒரு வேண்டுகோள். இரண்டு பேருக்கு இடம் கேட்டுவிட்டு ஐந்து பேராக வராதீர்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவது அதைவிடக் கஷ்டம். ஒவ்வோர் இருக்கைக்கும் படக்குழு வாடகை கட்டியிருக்கிறது. காலியாகக் கிடக்கும் இருக்கையைப் பார்த்துத் தயாரிப்பாளர் முகம் வாடுவதை வாசலில் நிற்கிற நாங்கள்தான் பார்க்கிறோம்.

அழைப்பில் இரவு 7 மணி என்று போட்டிருக்கிறது. படம் எப்போது தொடங்கும்?

பெரும்பாலும் எட்டரைக்கு மேல்தான். 7 மணி என்பது வரவேற்பு, படம் எடுத்துக்கொள்ளுதல், செய்தியாளர்களுடன் பேச்சு ஆகியவற்றுக்கான நேரம். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் இன்னும் தள்ளிப்போகும். அலுவலகம் முடியும் நேரத்தில் பங்சார் சாலையிலும் ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் கார் நகர்வதே பெரும்பாடு. பிரிக்பீல்ட்ஸை ஒட்டியிருக்கும் நு சென்ட்ரல், மிட் வேலி போன்ற இடங்களில் காட்சி என்றால் ரயிலில் வருவது நல்லது. எல்ஆர்டி, கேடிஎம் ஆகிய இரண்டு ரயில்களும் நு சென்ட்ரலை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் நிற்கின்றன. மிட் வேலிக்குத் தனியாகவே ஒரு கேடிஎம் நிலையம் இருக்கிறது.

தாமதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இப்போது படம் சுருளாக வருவதில்லை. மறையிடப்பட்ட ஒரு கோப்பாக வருகிறது. அதைத் திறக்க மின்னணுச் சாவி ஒன்று வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட நாள், நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். அரங்கம் கடைசி நேரத்தில் மாறினாலோ, சாவியில் நேரம் தவறாகப் பதிவாகியிருந்தாலோ படம் திறக்காது. அதனால்தான் காலையிலேயே யாராவது ஒருவர் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிடமும் வற்புறுத்துகிறேன். பெரிய விநியோக நிறுவனங்களில் இதற்கென்று ஆள் இருக்கிறார். சின்னக் குழுவில் படத்தொகுப்பாளரே ஓட வேண்டியிருக்கிறது.

என்ன உடுத்துவது?

நல்ல உடையாக எதுவும் போதும். வேட்டி, புடவை, ஜிப்பா, சட்டை எல்லாம் வரும். சில படங்களுக்குக் கறுப்பு அல்லது சிவப்பு என்று நிறம் சொல்லியிருப்பார்கள். அரங்கில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் மெல்லிய சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தணிக்கைச் சான்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிறப்புக் காட்சியானாலும் உள்துறை அமைச்சின் கீழுள்ள திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி பெற்ற பிறகே படத்தைத் திரையிட முடியும். 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இதற்கு அடிப்படை. இப்போது யூ, பி12, 13, 16, 18 என்ற பிரிவுகள் உள்ளன. யூ என்றால் எல்லாரும் பார்க்கலாம். பி12 என்றால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பெற்றோர் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் வயது வரம்புகள். பதின்ம வயதினரை அழைத்து வந்தால் அவர்களுடைய அடையாள அட்டையான மைகார்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

சான்று அனுமதித்தாலும் உங்கள் பிள்ளையை நீங்களே நன்றாக அறிவீர்கள். நகைச்சுவை என்ற பெயரைப் பார்த்து ஐந்து வயதுக் குழந்தையைக் கொண்டுவந்துவிட்டு, முதல் அலறலிலேயே வெளியே தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மார்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. படத்தைவிட அதன் ஒலிதான் சிறு குழந்தைகளை அதிகம் பயமுறுத்துகிறது. அப்படி அழைத்து வந்தே ஆக வேண்டுமென்றால் நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

தைப்பூச விரதத்தில் இருக்கிறேன், மாலை போட்டிருக்கிறேன். பேய்ப் படம் பார்க்கலாமா?

ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்வி இது. பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர்களும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் விரத நாள்களில் கேளிக்கைகளை ஒதுக்கிவைப்பது வழக்கம். உங்கள் குருசாமியிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ கேட்டு நடந்துகொள்ளுங்கள். விரதம் முடிந்த பிறகு வந்தால் போதும் என்றே நான் சொல்வேன். படக்குழுவினர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்தில் படப்பிடிப்பு தொடங்குமுன் முனீஸ்வரருக்குச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் கேமராவையே எடுக்கிறவர்கள் அவர்கள்.

பணம் இல்லாதவர்கள் எல்லாரும் ஏன் பேய்ப் படமே எடுக்கிறார்கள்?

பணம் குறைவாக இருக்கும்போது, அந்தக் குறையை மறைத்துக்கொள்ள இடம் தருகிற வகை இது ஒன்றுதான். ஒரு வீடு, ஐந்தாறு நடிகர்கள், இரவு. இவை இருந்தால் கதை நகரும். பெரிய நட்சத்திரம் தேவையில்லை, ஏனென்றால் நட்சத்திரம் பேய்தான். பாடல் காட்சிக்கு வெளிநாடு போக வேண்டாம். அலங்காரமில்லாத சுவரை இருட்டு மூடிக்கொள்ளும். நம் நாட்டில் கைவிடப்பட்ட தோட்ட வீடுகளுக்கும் பழைய துரை பங்களாக்களுக்கும் பஞ்சமில்லை. பால்மரக் காட்டுக்கு நடுவே பாதி இடிந்து நிற்கும் தொழிலாளர் லயன் வீடு ஒன்று போதும், கலை இயக்குநரின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் "பேய்ப் படம்தானே, மலிவாக முடிந்துவிடும்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரவில் வேலை செய்வது எளிதன்று. மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும். அதன் இரைச்சல் ஒலிப்பதிவில் கேட்காத தூரத்தில் அதை வைத்து, நீளமான கம்பி இழுக்க வேண்டும். நம் ஊர் மழையோ மாலையானால் கொட்டத் தொடங்கிவிடும். தகரக் கூரைமேல் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் பதிவாகாது. மழை விடும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும், அல்லது பின்னால் குரல்பதிவு செய்ய வேண்டும். கொசுக்கடியும் அட்டைக்கடியும் வேறு. விடிவதற்குள் காட்சியை முடித்தாக வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அந்த வீடு கிடைக்காது. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் ஒரு துரத்தல் காட்சிக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அந்த உழைப்பு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். குறைகளை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. கதை சரியில்லை என்றால் கொசுக்கடியைக் காரணம் காட்ட முடியாது.

பயமும் சிரிப்பும் எப்படி ஒரே படத்தில் ஒத்துப்போகின்றன?

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: காத்திருக்க வைத்து, எதிர்பாராத நொடியில் விடுவிப்பது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், சிரிப்பில் விடுகிறோம். பால் பொங்கி வரும்போது அடுப்பை எப்போது அணைப்பது என்பதைப் போன்ற நேரக் கணக்கு அது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அதில் ஏழெட்டுச் சட்டகம் முந்தினாலும் பிந்தினாலும் அதே காட்சியில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

பயமுறுத்திவிட்டுச் சிரிக்க வைப்பது எளிது. நடுங்கிப்போன கூட்டம் எந்தச் சின்ன வசனத்துக்கும் சிரித்துவிடும். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தை அடுத்த நொடியில் உறைய வைப்பதுதான் கடினம். அது நடக்கும் படத்தைத் தவறவிடாதீர்கள். பேய் வந்தவுடன் வேடிக்கை முழுவதும் நின்றுபோகிற படங்களும், வேடிக்கை மிஞ்சிப் பேயைக் கோமாளியாக்கிவிடுகிற படங்களும் நிறைய வருகின்றன. பேய்க்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும். அதற்கு என்ன கொடுமை நடந்தது என்பதில் எழுதியவருக்கு அக்கறை இருந்தால் சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

இந்த வகைப் படத்தை வீட்டில் தனியாகப் பார்ப்பது பாதிப் படம் பார்ப்பதற்குச் சமம். பக்கத்து இருக்கைக்காரர் துள்ளும்போதுதான் நீங்களும் துள்ளுகிறீர்கள். பின்வரிசையில் ஒரு பாட்டி "அடி பாதகத்தி, உள்ளே போகாதே!" என்று திரையைப் பார்த்துக் கத்தும்போது அரங்கமே சிரிக்கும். சிறப்புக் காட்சியில் இயக்குநர் திரையைப் பார்ப்பதில்லை. சுவரோரமாக நின்று உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தமிழ் தெரியாத நண்பர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. மலாய் வசன வரிகள் இருக்கும். பல படங்களில் ஆங்கிலமும் சேர்ந்திருக்கும். வசனத்தைப் படித்துவிடுகிறவர்கள் நடிகர் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்கள். அரங்கில் சிரிப்பு இரண்டு அலையாக எழுவதைக் கேட்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது.

நம் ஊர்ப் பேய்க் கதைகள் எப்போதும் பல இனத்தாருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மோகினியும் காட்டேரியும் எவ்வளவு பழக்கமோ அவ்வளவு பழக்கம் மலாய்ப் பேய்களான பொந்தியானாக்கும் தோயோலும். மலாய்ப் பேய்ப் படங்களுக்கு வழி திறந்த 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் வெளியானது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை என்பது பெரிய இழப்பு. பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களில் நாட்டையே சிரிக்க வைத்தவர் மலாய் இயக்குநர் மாமாட் காலிட். 2018-இல் வெளிவந்த அவருடைய 'ஹந்து காக் லிமா' 3 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. கிராமத்து மனிதர்களின் பேச்சிலிருந்தே நகைச்சுவையை எடுத்தவர் அவர். நம்மவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சென்னைப் படங்களின் பங்களாவையும் மந்திரவாதியையும் அப்படியே கொண்டுவந்து இறக்குவதைவிட, பூசாரியும் மலாய் மந்திரவாதியான போமோவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் காட்சி நமக்கு நெருக்கமானது. ஆனால் சமயம் தொடர்பான காட்சிகளைத் தணிக்கை வாரியம் கூர்ந்து பார்க்கும். எழுதுகிறவருக்கு அந்தப் பொறுப்பு இருக்க வேண்டும்.

அரங்கில் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாமா?

வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். உள்ளே விளக்கு அணைந்த பிறகு கூடவே கூடாது. திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகும், சிறைத் தண்டனையும் உண்டு. "பத்து நொடிதானே, விளம்பரம்தானே" என்பார்கள். அந்தப் பத்து நொடியில் பேயின் முகம் வெளியே போய்விட்டால், வியாழக்கிழமை காசு கொடுத்து வருகிறவருக்குப் பயப்பட என்ன மிச்சம் இருக்கும்?

உரைகள் நீளமாக இருக்குமா?

இருக்கும். பொன்னாடை, மாலை, நன்றியுரை எல்லாம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனும் மனைவியின் நகையும் போட்டுப் படம் எடுத்தவர் ஐந்து நிமிடம் பேசுவதைக் கேட்பதில் நமக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

படம் முடிந்ததும் இயக்குநர் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"சூப்பர், வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அது அவருக்கு ஒன்றையும் தராது. ஒரு காட்சியைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். "தம்பி, கிணற்றடியில் அந்தக் கை வெளியே வந்தபோது உண்மையாகவே நடுங்கிவிட்டேன்" என்றால் அந்த ஒரு வரி அவரை ஒரு வாரம் நிமிர்ந்து நடக்க வைக்கும்.

குறையைச் சொல்லலாமா என்றால், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைய இரவில், அவருடைய தாயார் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். எந்த இடத்தில் கதை புரியாமல் போனது, எந்த நகைச்சுவை புண்படுத்தியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தணிக்கை முடிந்து திரைக்குத் தயாரான படத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்ய இயலாது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த கதையை அவர் அதே மாதத்தில் எழுதத் தொடங்கிவிடுவார். பருமனானவரையும் திருநங்கையையும் கேலிப்பொருளாக்கும் வழக்கம் நம் படங்களிலிருந்து போக வேண்டுமானால், பார்த்தவர்கள் வாய் திறந்தால்தான் போகும்.

இலவசமாகப் பார்த்துவிட்டேன். மறுபடியும் டிக்கெட் வாங்க வேண்டுமா?

முடிந்தால் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

சிறப்புக் காட்சியில் நிரம்பிய அரங்கு வசூலில் சேராது. திரையரங்குகள் பார்ப்பது வியாழன் முதல் ஞாயிறு வரையிலான நான்கு நாள் கணக்கை. உள்ளூர் படங்களுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டாயத் திரையிடல் திட்டம் 2005-இல் கொண்டுவரப்பட்டது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அதைக் கவனிக்கிறது. ஆனால் எந்தத் திட்டமும் காலி இருக்கைகளை நிரப்பித் தராது. கூட்டம் இல்லையென்றால் இரவு 9 மணிக் காட்சி அடுத்த வாரமே பகல் 1 மணிக்குத் தள்ளப்படும். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் யார் வர முடியும்? அதைக் காரணம் காட்டியே அதுவும் எடுக்கப்பட்டுவிடும். ஒரு டிக்கெட் ஏறக்குறைய 20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், வரியும் திரையரங்கின் பங்கும் போக, தயாரிப்பாளர் கைக்குப் பாதிகூட வருவது அரிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எத்தனை ஆயிரம் பேர் வர வேண்டும் என்பது விளங்கும்.

நீங்கள் வர முடியாவிட்டால், வரக்கூடிய வேறு யாரையாவது அனுப்புங்கள். சனிக்கிழமை மாலை அலுவலகத் தோழர்கள் நான்கு பேர் போனால் அது நல்ல உதவி. கல்லூரித் தமிழ்க் கழகங்கள் மொத்தமாக வாங்கினால் இன்னும் நல்லது.

எப்படியும் தொலைக்காட்சியிலோ இணையத்திலோ வந்துவிடுமே?

வரலாம். ஆனால் திரையரங்கில் ஓடாத படத்துக்கு அங்கே கிடைக்கும் விலையும் குறைவு. கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படத்தை விளக்கைப் போட்டுக்கொண்டு, நடுவில் தொலைபேசி பேசிக்கொண்டு பார்ப்பதில் என்ன சுகம்?

விமர்சனம் எழுதலாமா?

எழுதுங்கள். வெளியீட்டு நாள்வரை முடிவைச் சொல்லாதீர்கள். பேய் யார் என்பதையும் சொல்லாதீர்கள். "உள்ளூர் படம் என்பதால் பாருங்கள்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. அது பார்வையாளரிடம் பிச்சை கேட்பதாகும். நன்றாக இருக்கிறது என்றால் எதனால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள். 2015-இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' தேசிய விருது வரை போனதற்குக் காரணம், பார்த்தவர்கள் அதைத் தரமான படமாக மதித்துப் பேசியதுதான்.

இரவு வீடு திரும்புவது எப்படி?

ஒன்பது மணிக்குத் தொடங்கும் படம் பதினொன்றேகாலை ஒட்டி முடியும். கடைசி ரயில்கள் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் புறப்பட்டுவிடும். வழித்தடத்துக்கு வழித்தடம் நேரம் மாறும் என்பதால் வரும்போதே நிலையத்தில் பார்த்துவிடுங்கள். நடிகர்களோடு படம் எடுத்துக்கொள்ள நின்றால் ரயிலைத் தவறவிட வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் கிராப் வாடகைக் காரின் கட்டணமும் ஏறியிருக்கும். கிள்ளான், காஜாங், ரவாங் பக்கம் போகிறவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே காரில் போய்விடுவது வழக்கம். தனியாக வந்த பெண்களும் வயதானவர்களும் வாசலில் நிற்கும் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதே திசையில் போகிற குழுவினரின் குடும்பத்தோடு உங்களைச் சேர்த்து அனுப்பிவைப்போம்.